கெட்டிக்காரப் பிள்ளைக்கு என்ன பரிசு? ஒரு வருஷ சந்தா கட்டிப் பாருங்க!

சோளிங்கர்:
ரிசல்ட் வந்தாச்சு. அக்கா மகள் பத்தாம் வகுப்பில் 480 மார்க். தாய்மாமன் சும்மா இருக்க முடியுமா? கைக்கடிகாரம், சுடிதார், பேனா என்று ஓடுகிறது யோசனை.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் விடிகாலையில் பஸ் பிடிக்கிற குடும்பங்களில் ஒவ்வொரு மே மாதமும் வருகிற கேள்விதான் இது. கையைக் கடிக்காத பரிசு ஒன்று உண்டு. நல்ல பத்திரிகைக்கு ஒரு வருஷ சந்தா!

9-ம் வகுப்போடு சரி

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2022-ல் பள்ளிக்கல்வித்துறை பத்திரிகை தொடங்கியது. 4, 5-ம் வகுப்புக்கு 'ஊஞ்சல்'. 6 முதல் 9 வரை 'தேன்சிட்டு'. பத்தாவதுக்குப் போன பிள்ளை இந்தக் கணக்கில் இல்லை. அதற்குக் கிடைப்பது கைடும் கொஸ்டின் பேங்கும்தான். எதைப் பார்த்தாலும் 'ஏன், எப்படி' என்று கேட்கிற வயசில் இது பெரிய பட்டினி அல்லவா?

எதை வாங்குவது?

முதலில் பிள்ளையைப் பாருங்கள். மிக்சியைக் கழற்றி மாட்டுகிற பையனா? 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் 'துளிர்' இருக்கிறது. பிளஸ்-1 போய்விட்டால் அது கொஞ்சம் சின்னதாகத் தெரியும். ஆங்கிலம் ஓடுமானால் 1964-ல் தொடங்கிய மத்திய அரசின் 'சயன்ஸ் ரிப்போர்ட்டர்' சரி. கலெக்டர் கனவுக்காரிக்கு 'யோஜனா'வின் தமிழ்ப் பதிப்பான 'திட்டம்'. கதை, கவிதை என்று அலைகிற பிள்ளைக்கு 1988-ல் சுந்தர ராமசாமி தொடங்கிய 'காலச்சுவடு'. பெரியவர்கள் பத்திரிகை அது. ஒரு இதழை நீங்கள் புரட்டிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

பழைய ஞாபகத்தில் பணம் அனுப்பிவிடாதீர்கள்! 'அம்புலிமாமா' 2013-ல் நின்றுபோனது. 1967-ல் தொடங்கி, மணவை முஸ்தபா ஆசிரியராக இருந்து நடத்திய தமிழ் 'யுனெஸ்கோ கூரியர்' உலகத்தையே வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தது. அதுவும் இப்போது இல்லை. இந்த மாத இதழ் வந்திருக்கிறதா என்று விசாரித்த பிறகே பணம் கட்டவேண்டும்.

யார் பேருக்கு?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அப்பா பேருக்கு எழுதிவிடுகிறார்கள். அவருக்குத்தான் பேங்க் நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் வருகிறதே! சந்தா பிள்ளை பேரிலேயே இருக்கட்டும். அதுவும் பெண் பிள்ளையானால் கட்டாயம். பிளஸ்-2 முடித்ததும் 'கம்பெனிக்குப் போகட்டும்', 'மாப்பிள்ளை பார்ப்போம்' என்று பேச்சு எழுகிற வீட்டில், மாசாமாசம் தபால்காரர் வாசலில் நின்று அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதை அப்பாவும் கேட்பார், பக்கத்து வீடும் கேட்கும்.

முகவரியில் ராணிப்பேட்டை மாவட்டம் என்று எழுதுங்கள். 2019-லேயே வேலூரிலிருந்து பிரித்தாகிவிட்டது. பின்கோடு 631102. கதவு எண்ணை விடவேண்டாம்.

இதழ் வந்த அன்றைக்கே 'என்ன படிச்சே, சொல்லு பார்ப்போம்' என்று மட்டும் பரீட்சை வைக்காதீங்க, மாமா!