கையளவுத் திரையில் வீரர் போர்

முன்னுரை

பெரியதொன்றைச் சிறியதோர் இடத்துள் அடக்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று. வழிநூலின் வகைகளைக் கூறப் புகுந்த தொல்காப்பியர் தொகுத்தலையே முதற்கண் வைத்தார். நூலுக்குரிய அழகுகளைத் தொகுத்த நன்னூலார் சுருக்கத்தையும் தெளிவையும் அடுத்தடுத்து நிறுத்தினார். அவரே நூலுக்குரிய குற்றங்களுள் முதலாவதாகக் குன்றக் கூறலைச் சுட்டினார். சுருக்கம் அழகு; குன்றல் குற்றம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லை யாது என்பதே தொகுப்போன் முன் நிற்கும் வினா.

இவ்வினா ஏட்டோடு நின்றுவிடவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திற்கும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் வேலைக்குச் செல்லும் இளைஞர் மின்சார ரயிலில் கைபேசித் திரைமேல் குனிந்து விளையாடுவதை நாம் காண்கிறோம். அவ்விளையாட்டுகளின் முன்னோடிகளிலும் இதே வினா எழுந்தது. விளையாட்டுக் கூடங்களுக்கென உருவான சண்டை விளையாட்டொன்று கையடக்கக் கருவிக்குள் புகுந்த வரலாற்றை ஈண்டுக் காண்போம். விளையாட்டுதானே எனப் பெரியோர் இதனை ஒதுக்கிவிட வேண்டா.

கூடத்தில் பிறந்த விளையாட்டு

ஜப்பானின் ஒசாகா நகரத்துக் கேப்காம் நிறுவனம் 1991ஆம் ஆண்டில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டது. காசு போட்டு நின்று ஆடும் பெரிய பெட்டி அது. இரு வீரர் எதிரெதிரே நின்று பொருவர். ஆடுவோன் ஒரு கையால் எட்டுத் திசையிலும் அசையும் நெம்புகோலையும், மறு கையால் ஆறு பொத்தான்களையும் இயக்குவான். குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று; ஒவ்வொன்றிலும் மென்மை, நடுத்தரம், வன்மை என முத்திறம்.

பொத்தானை அழுத்துவதோடு திறமை முடிவதில்லை. ரியூ என்னும் வீரன் ஆற்றல் பந்தை எறிய வேண்டுமாயின், நெம்புகோலைக் கீழே தாழ்த்தி, அங்கிருந்து முன்புறம் வளைத்து, உடன் குத்துப் பொத்தானை அழுத்தல் வேண்டும். கணம் பிந்தினால் பந்து எழாது. கையின் அசைவும் திரையின் அசைவும் ஒன்றுபடும் அந்நேரமே இவ்விளையாட்டின் உயிர்.

வீரர் பன்னிருவர். அவருள் ஒருவன் தால்சிம் என்னும் இந்திய யோகி. கழுத்தில் மண்டையோட்டு மாலையுடன், கைகால்களை நெடுந்தொலைவு நீட்டி, வாயால் நெருப்பை உமிழ்வான். இந்தியரைப் பற்றி அயலார் கொண்ட கற்பனையின் வடிவம் அது என்பது வெளிப்படை.

சிறிய கலத்தின் அளவு

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1989ஆம் ஆண்டில் 'கேம்பாய்' என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. கன்பெய் யோக்கோய் என்னும் பொறியாளரின் குழுவே அதனைச் செய்தது. புதியதும் விலையுயர்ந்ததுமான நுட்பத்தை நாடாது, நன்கு பழகி மலிந்துவிட்ட நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்துவதே அவர்தம் கொள்கை. வண்ணத் திரை இல்லை, நான்கு சிறு மின்கலங்களில் இயங்கும், விலை குறைவு. ஆதலின் உலகெங்கும் பரவிற்று.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கூடத்துப் பெட்டியின் திரையில் குறுக்கே 384, நெடுக்கே 224 ஆக 86,016 புள்ளிகள். கேம்பாயில் குறுக்கே 160, நெடுக்கே 144 ஆக 23,040 புள்ளிகளே. பெரிய திரையில் நான்கில் ஒரு பங்கைச் சற்றே கடக்கும் அளவு இது. பெட்டியில் ஆயிரக்கணக்கான வண்ணங்களிலிருந்து தெரிந்தெடுக்கலாம். கேம்பாயில் வெளிர்மை முதல் கருமை வரை நான்கு சாயல்களே உண்டு. ஆறு பொத்தான்களின் இடத்தில் இரண்டே உள்ளன.

மற்றுமொரு தடையும் உண்டு. கேம்பாயில் அசையும் உருவங்கள் எட்டுப் புள்ளி அகலமுள்ள சிறு துண்டுகளால் கட்டப்படும். ஒரே கிடைக்கோட்டில் பத்துத் துண்டுகளுக்கு மேல் தோன்றா. அஃதாவது 160 புள்ளி அகலத் திரையில் 80 புள்ளிகளே. ஆளுயர வீரர் இருவரும், இடையே பறக்கும் பந்தும் இவ்வெல்லைக்குள் அடங்க வேண்டும்.

கொண்டதும் விட்டதும்

இத்தகைய கருவிக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தது 1995ஆம் ஆண்டில். இரு பொத்தான்களுள் ஒன்று குத்துக்கும், மற்றொன்று உதைக்கும் ஆயின. ஆறு திறத்தை இரண்டில் எவ்வாறு அடக்குவது? சற்றே தொட்டு விட்டால் மென்தாக்கு; சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் வன்தாக்கு. எண்ணிக்கையில் இழந்ததைக் கால அளவால் ஈடுசெய்த வழி இது. ஒரே உயிரெழுத்தைக் குறிலாகவும் நெடிலாகவும் ஒலித்துப் பொருளை வேறுபடுத்தும் நமக்கு எளிதில் விளங்கும். ரியூவின் பந்துக்குரிய வளைவசைவும் அவ்வாறே காக்கப்பட்டது. வண்ணம் போயிற்று; வேகம் குன்றிற்று; விளையாட்டின் உயிர் ஓரளவு நின்றது.

ஆயின் பன்னிருவர் ஒன்பதின்மர் ஆயினர். ஜப்பானியச் சுமோ மல்லன், ஸ்பெயின் நாட்டு முகமூடி வீரன், இந்திய யோகி தால்சிம் ஆகிய மூவரும் நீக்கப்பட்டனர். நம்மவன் என்று காட்டப்பட்ட உருவத்தை வரைந்தவரும் பிறர். சிறிய கலத்தில் இடமில்லையென நீக்கியவரும் பிறர். இதனைப் பகையாகக் கொள்ளுதல் தகாது. நீக்கப்பட்ட மூவருள் ஜப்பானியனும் உளன். எனினும், தொகுப்போன் கையிலேயே நீக்கும் உரிமையும் உள்ளது என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

மற்றொரு நெறி

பெரியதைச் சுருக்குவது ஒரு நெறி. சிறிய கலத்துக்கென்றே மீண்டும் வரைவது மற்றொரு நெறி. எஸ்.என்.கே. நிறுவனத்தின் சண்டை விளையாட்டுகளை 1994ஆம் ஆண்டு முதல் கேம்பாய்க்குக் கொணர்ந்த டகாரா நிறுவனம் இரண்டாவதைக் கைக்கொண்டது. வீரர்க்குப் பெரிய தலையும் குறுகிய உடலும் அமைத்தனர். உடல் குறுகியதால் இடம் மிச்சமாயிற்று. தலை பெருத்ததால் முகம் தெளிவாயிற்று. சுருக்கமும் தெளிவும் ஒருங்கே எய்தப்பெற்ற இடம் இது எனலாம். எஸ்.என்.கே. நிறுவனமும் தன் 'நியோ ஜியோ பாக்கெட் கலர்' கருவியில் இந்நெறியையே பின்பற்றியது. 1999ஆம் ஆண்டில் தன் வீரரையும் கேப்காம் வீரரையும் மோதவிட்ட விளையாட்டை, இரண்டே தாக்குப் பொத்தான்களைக் கொண்டு அது சிறப்புற நடத்திக் காட்டிற்று.

2002ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த கிராஃபிஷ் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா 3' விளையாட்டைக் 'கேம்பாய் அட்வான்ஸ்' கருவிக்குக் கொணர்ந்தது. இம்முறை வீரர் எவரையும் நீக்கவில்லை. மேலும் மூவரைச் சேர்த்தனர். பின்னணிக் காட்சிகள் பல விடப்பட்டன. தால்சிம் மீண்டும் கைக்குள் வந்தான். முன்னர் ஆளை விட்டனர். இப்போது காட்சியை விட்டு ஆளைக் காத்தனர். எதனை விடுவது என்பது கருவியின் அளவால் மட்டும் முடிவதன்று, தொகுப்போனின் மதிப்பீட்டாலும் முடிவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

முடிவுரை

திருவள்ளூர் மாவட்டத் தொழிற்சாலைகளில் பிறர் வரைந்த வரைபடத்தின்படி உதிரிப்பாகங்களை நுட்பமாகச் செய்து தரும் கைகள் பல உள்ளன. அக்கைகளின் திறனில் நமக்கு ஐயமில்லை. ஆயின் வரைபடத்தை வரைவோனே எது நிற்கும், எது நீங்கும் என முடிவு செய்கிறான். அவ்விடத்தை அடையக் கணினி அறிவு மட்டும் போதாது. ஒரு பொருளின் உயிர் எங்குள்ளது எனக் காணும் பயிற்சியும் வேண்டும். மூலத்தை முழுதும் அறிந்தவனே அதனைக் குன்றாமல் சுருக்க வல்லவன்.

பாடத்தைச் சுருக்கி எழுதுக என நாம் வகுப்பில் பணிக்கும்போது, மதிப்பெண்ணுக்கான பயிற்சி என்றே மாணவர் பலர் கருதுகின்றனர். கொள்ளவும் தள்ளவும் கற்பிக்கும் பயிற்சி அது. அதனை நன்கு கற்ற நம் மாணவர் நாளை ஒரு விளையாட்டை ஆக்கினால், அதில் இந்தியனை எவ்வாறு வரைவது என்பதை அவர்களே முடிவு செய்வர். இடம் போதாதபோது எதனை விடுவது என்பதையும் அவர்களே முடிவு செய்வர்.