புல்தானேன்னு நினைக்காதீங்க!

நான் எழுத எடுத்துக்கொண்ட தலைப்பு வெட்டிவேர்.

கோடைக்காலத்தில் பானைத் தண்ணீரில் போடுவோமே, அதே வேர்தான். அதற்கு மேலே ஆளுயரத்துக்குப் புல் வளரும் என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. நெல், கரும்பு, மூங்கில் போல இதுவும் புல் குடும்பம்தான். ஒருமுறை நட்டால் பல வருஷம் இருக்கும். ஆங்கிலத்திலும் இதற்கு ‘வெட்டிவர்’ என்றுதான் பெயர். அது நம் தமிழிலிருந்து போன வார்த்தை!

இதன் சிறப்பு என்ன?

மற்ற புல்லின் வேர் மேலாகப் படரும். வெட்டிவேர் நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் 3 மீட்டர் ஆழம்கூடப் போகும். வரிசையாக நெருக்கி நட்டால் மேலே புல் வேலி, கீழே வேர்ச் சுவர். மழைத் தண்ணீர் அதில் முட்டி வேகம் குறையும். வண்டல் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் கசிந்து போகும்.

கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டை விவசாயிகள் இதை வெகுகாலமாக வயல் வரப்பில் வளர்த்து வந்தார்கள். 1980களில் உலக வங்கியைச் சேர்ந்த ஜான் கிரீன்ஃபீல்டு, ரிச்சர்ட் கிரிம்ஷா இருவரும் மண் அரிப்பைத் தடுக்க இந்தப் புல்லை நம் நாட்டில் பரப்பினார்கள். தாய்லாந்தில் மன்னர் பூமிபோல் 1991 முதல் இதை ஊக்குவித்தார்.

எங்கள் வீட்டில் ஏன் நட்டோம்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டுப் பின்பக்கம் வாய்க்கால். அந்த மழையில் கரை மண் சரிந்து ரெண்டு வாழை போயிருச்சு. பாத்ரூம் சுவருக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இப்போ நாலடி மண்தான் மிச்சம். கல் கட்டடம் கட்ட அப்பாவிடம் பணம் இல்லை. அதான் 2024 ஐப்பசியில் ரெண்டு வரிசை வெட்டிவேர் நட்டோம்.

நடும் முறை

1. பழைய தூரைத் தோண்டி, இரண்டு மூன்று தண்டு சேர்ந்தாற்போல் பிரிக்க வேண்டும்.
2. இலையை ஒரு சாண் விட்டு, வேரை நாலு விரல் விட்டு நறுக்க வேண்டும்.
3. சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடிக்க வேண்டும். மேலிருந்து கீழாக நட்டால் தண்ணீர் நடுவில் ஓடிவிடும்.
4. நாற்றுக்கு நாற்று அரை அடி இடைவெளி போதும்.
5. நல்ல வெயில் வேண்டும். மர நிழலில் தூர் கட்டாது.

பராமரிப்பு

முதல் மூன்று மாதம் மழை இல்லாத நாளில் தண்ணீர் ஊற்றி, களை எடுக்க வேண்டும். பட்ட இடத்தில் உடனே வேறு நாற்று வைக்க வேண்டும். ஒரு இடைவெளி இருந்தாலும் தண்ணீர் அந்த வழியாகவே பாயும். வருஷத்துக்கு ரெண்டு தடவை முழங்கால் உயரத்துக்கு அரிவாளால் அறுத்துவிட்டால் பக்கத்தில் நிறைய சிம்பு வெடிக்கும். அறுத்த புல்லை வாழைக்கு மூடாக்காகப் போடலாம். இளம் புல்லை மாடு தின்னும்.

வேர் வேணுமா, கரை வேணுமா?

புல் என் தோள் உயரம் வந்ததும் எங்க ஆச்சி, “ரெண்டு தூரைத் தோண்டிக் குடுட்டி, பானைக்குப் போடுவோம்” என்றார்கள். நான், “வேண்டாம் ஆச்சி, வேரை எடுத்தா கரை போயிரும்” என்றேன். “புல்லை நட்டுட்டு வேரை எடுக்கக் கூடாதாம்லா!” என்று ஆச்சிக்கு வருத்தம். கரையில் நிற்கும் வெட்டிவேரின் வேலையே வேரில்தான் இருக்கிறது. தோண்டினால் மண் இளகி முன்னைவிட மோசமாகும்.

இதற்கு வழி உண்டு. பழைய உரச் சாக்கில் மணலும் மக்கிய எருவும் நிரப்பி, தனியாக நாலு நாற்று வைக்க வேண்டும். ஒன்று ஒன்றரை வருஷத்தில் சாக்கைக் கிழித்து வேரை அலசி எடுக்கலாம். ஆச்சிக்கு மூணு சாக்கு வைத்திருக்கிறேன்.

வேறு புல் வாங்கும்போது கவனம்!

அழகுக்காக வளர்க்கும் ஃபவுண்டன் கிராஸ் என்ற புல் ஹவாய்த் தீவில் விதையால் பரவி, பெரிய களையாகி, காட்டுத் தீக்கும் காரணமாகிறது. நமக்குப் பக்கத்தில் ஆறும் முண்டந்துறைக் காடும் இருக்கின்றன. ஆகவே விதை பறக்கும் புல்லை வளர்க்க வேண்டாம். தென்னிந்திய வெட்டிவேர் பெரும்பாலும் விதையால் பரவாது, நட்ட இடத்திலேயே நிற்கும்.

ஆறே கரை மீறி வந்தால் புல் மட்டும் தாங்காது. ஆனால் ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் மண்ணை அது பிடித்து வைக்கும். கடந்த மழையில் எங்கள் நாலடியும் அப்படியே இருந்தது.

வாய்க்கால் ஓரம் வீடு உள்ளவர்கள் ஐப்பசிக்கு முன்னால் என்னிடம் கேளுங்கள். நாற்று இலவசம். சாக்கும் மண்வெட்டியும் நீங்கள் கொண்டு வாங்க!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி