ஆயருக்கு ஓய்வுநாள் எது?

நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்தால் அடுத்த ஆள் வந்து பொறுப்பேற்றுக்கொள்வார். பக்கத்தில் இருக்கும் நெல்லிக்குப்பம் வட்டாரத்துச் சபை ஊழியர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஊருக்கெல்லாம் ஞாயிறு விடுமுறை. ஆயருக்கு அதுதான் வேலை நாள். திங்களன்று சற்றுக் கண்ணயரலாம் என்றால், அன்றைக்குத்தான் துக்க வீட்டிலிருந்து போன் வரும். காலையில் கல்லறைத் தோட்டத்தில் அழுகிறவர்களோடு நின்றவர், மாலையில் கல்யாண வீட்டில் சிரித்த முகத்தோடு ஆசீர்வதிக்க வேண்டும். இரவு கமிட்டியில் கணக்குச் சண்டை.

தீராத அசதி, செய்யும் வேலையில் வெறுப்பு, 'என்னால் எதுவும் ஆகவில்லை' என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் 'பர்ன் அவுட்' எனும் பணிச்சோர்வின் அடையாளங்களாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. சபையில் இதற்குச் சூட்டப்படும் பெயரோ விசுவாசக் குறைவு!

இந்தச் சோர்வு புதிதல்ல. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, டேனிஷ் ஆளுநர் அடைத்த சிறையில் நான்கு மாதம் இருந்தார். வெளியே வந்து தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715க்குள் அச்சிட்டு முடித்தார். சிறைக்கு அசராதவரைக் கடிதங்கள் அசைத்துவிட்டன. கோபன்ஹேகனில் இருந்த மிஷன் சங்கச் செயலர் வெண்ட், இங்குள்ள நிலைமையை நேரில் பாராமலே கண்டித்து எழுதிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே உடல் நலிந்திருந்த சீகன்பால்கு மனமும் நொந்து, 1719 பிப்ரவரி 23 அன்று 36 வயதில் மறைந்தார். தோழர் குருண்ட்லரும் மறு ஆண்டே போய்ச் சேர்ந்தார்.

வேதாகமம் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கனிவானது. சாக வேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் புத்திமதி சொல்லவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து மறுபடி தூங்கவிட்டான். விடிந்தது முதல் பொழுது சாயும் வரை வழக்குக் கேட்ட மோசேயிடம், வேலையைப் பங்கிட்டுக்கொள்ளச் சொன்னவர் மாமனார் எத்திரோ.

பங்கிட வேண்டியது ஆயரின் சுமையை மட்டுமல்ல. பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, அசனம் என எல்லாவற்றுக்கும் அதே நாலு பேர்தான் ஓடுகிறார்கள். ஆயரின் மனைவியோ சம்பளமில்லாத ஊழியர்.

எனவே சேகரக் கமிட்டிகள் வாரத்தில் ஒரு நாளை ஆயருக்கென்று ஒதுக்கி, அதை ஆராதனையிலேயே அறிவிக்கட்டும். அன்று வரும் அழைப்புகளை மூப்பர்கள் முறைவைத்துக் கவனிக்கட்டும். தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்தால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநலச் சேவையின் இலவச உதவி எண் 14416, இரவிலும் எடுப்பார்கள்.