அவலாஞ்சிப் பகுதியில் ஆப்பிள் விளைவை வீணாக்காமல் உபயோகித்தல்

நீலகிரி மலைக்கு ஐரோப்பியப் பழமரங்களும் காய்கறிகளும் 1820-களில் வந்தன. அக்காலத்தில் கோயமுத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் அவற்றை இம்மலையில் பயிரிடுவதில் மிகுந்த ஊக்கங் காட்டினார். பிற்காலத்தில் குன்னூரில் அரசாங்கப் பழப்பண்ணை ஏற்பட்டு, இச்சீதோஷ்ணத்துக்கு ஏற்ற ரகங்கள் ஆராயப்பட்டன. எனினும் ஆப்பிள் இங்கே பெரும்பாலும் தோட்டத்து ஓரத்திலும் வீட்டுப் புறக்கடையிலும் நிற்கும் மரமாகவே இருந்து வருகிறது. அது ஒரு வருஷம் குறைவாகக் காய்க்கும். மறு வருஷம் கிளை தாழக் காய்க்கும். அவ்வாறு மிகுதியாய்க் காய்த்த வருஷத்தில் பழங்களை என் செய்வது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட விஷயம்.

பழம் வீணாவதன் காரணங்கள்

முதற் காரணம் மழை. பழம் முற்றும் பருவமும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. 2019-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. மண்சரிந்து பாதை அடைபட்டால் உதகமண்டலத்துக்குச் சரக்கு அனுப்புவதற்கில்லை. அப்போது கூடையிலுள்ள பழம் அழுகும். அல்லது கேட்ட விலைக்குக் கொடுக்க நேரிடும்.

இரண்டாவது காரணம் பழத்தின் குணம். பெயர்பெற்ற ஆப்பிள் ரகங்கள் பல, 7 டிகிரிக்குக் குறைந்த குளிரில் ஏறக்குறைய 1,000 மணி நேரம் இருந்தாலன்றி நன்கு பூத்துக் காய்ப்பதில்லை. நம் மலையில் அவ்வளவு குளிர் கிடைப்பது அரிது. ஆகையால் இங்குள்ள பழம் பெரும்பாலும் சிறியதாகவும் புளிப்பாகவும் இருக்கும். கடைத்தெருவில் இமாசலப் பிரதேசத்துப் பழத்தோடு அது போட்டியிட இயலாது. ஆனால் ஜெல்லி உறைவதற்குப் புளிப்பும் பெக்டின் என்னும் பசைச்சத்துமே வேண்டும். இவ்விரண்டும் புளிப்பான, சற்றே பழுக்காத பழத்தில்தான் அதிகம். ஆதலால் சந்தையில் விலைபோகாத பழம் ஜெல்லிக்கு மிகவும் தகுதியானது.

தரம் பிரித்தல்

பறித்த அன்றைக்கே பழங்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும். காம்போடு கூடிய, அடிபடாத பழங்களைத் தனித்தனியே காகிதத்தில் சுற்றி, காற்றோட்டமுள்ள குளிர்ந்த அறையில் வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை பார்த்து, கெட்டதை உடனே நீக்க வேண்டும். இப்பழங்களைக் காரட்டுடன் ஒரே அறையில் வைப்பது தவறு. ஆப்பிளிலிருந்து வெளிப்படும் எத்திலீன் என்னும் வாயு காரட்டைக் கசக்கச் செய்யும்.

கீழே விழுந்து அடிபட்டவற்றை, அடிபட்ட பாகத்தை அரிந்தெறிந்துவிட்டு அன்றே சமைத்துவிட வேண்டும். பூசணம் பிடித்தவற்றை முழுவதுமாகத் தள்ளிவிட வேண்டும். அப்பூசணத்தில் உண்டாகக்கூடிய பாட்டுலின் என்னும் நஞ்சு காய்ச்சினாலும் முற்றும் நீங்குவதில்லை.

ஜெல்லி செய்யும் முறை

பழங்களைக் கழுவி, தோலும் விதைப்பாகமும் நீக்காமல் துண்டுகளாக நறுக்குக. துண்டுகள் மூழ்குமளவு நீர் வார்த்து, அரை மணி நேரம் மெல்லிய தீயில் வேகவைத்து, துணியில் கட்டித் தொங்கவிடுக. துணியைப் பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும். வடிந்த சாறு லிட்டர் ஒன்றுக்குச் சர்க்கரை 750 கிராம் சேர்த்து விரைவாகக் கொதிக்கவிட வேண்டும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்கள் இதற்கு உதவா. துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரமே சிலாக்கியம்.

பதம் அறிவதில் மலைவாசிகள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஜெல்லியை 105 டிகிரி வரை காய்ச்சும்படி புத்தகங்களில் எழுதியிருக்கும். அது கடலோரத்துக்கு உரிய கணக்கு. கடல்மட்டத்துக்குச் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே 105 டிகிரி வரும் வரை காய்ச்சினால் பாகு முறுகிக் கெட்டியாகிவிடும். சர்க்கரையும் உழைப்பும் நஷ்டம். ஆகவே முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து உஷ்ணமானியில் காணும் அளவைக் குறித்துக்கொள்க. அதற்கு மேல் நாலரை டிகிரி ஏறியதும் இறக்கிவிடலாம். உஷ்ணமானி இல்லாதவர் கரண்டியைச் சாய்த்துப் பார்க்கலாம்; இரு துளிகள் ஒன்றுசேர்ந்து தகடுபோல் விழுந்தால் பதம் வந்துவிட்டது.

கூழும் வற்றலும்

பழக்கூழைப் புட்டியில் அடைப்பதற்கும் இதே விதி பொருந்தும். அரை லிட்டர் புட்டிகளில் சூடான கூழை நிரப்பி மூடி, நீரில் மூழ்கவைத்துக் கொதிக்கவிடும்போது, தாழ்ந்த பிரதேசங்களில் 15 நிமிஷம் போதும். நம் உயரத்தில் 25 நிமிஷம் வேண்டும். இங்கே கொதிநீரின் உஷ்ணம் குறைவாதலால், நேரத்தைச் சுருக்கினால் சரக்கு கெட்டுவிடும்.

வற்றலுக்குப் பழத்தை மெல்லிய வளையங்களாக அரிந்து, கறுக்காதிருக்கச் சிறிது நேரம் உப்பு நீரில் இட்டு எடுக்க வேண்டும். மழைநாளில் வெயிலை நம்பாமல், புகைபடாத அடுப்புச் சூட்டில் தோல்போல் வளையும் வரை உலர்த்தி, காற்றுப்புகாத டின்களில் அடைக்க வேண்டும். எஞ்சிய சக்கையை மாட்டுக்கு அளவாக இடலாம். முழு ஆப்பிளை இடலாகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

சங்கம் செய்யத்தக்கது

இவற்றை ஒவ்வொரு குடும்பமும் தனித்துச் செய்யின் செலவு மிகும். ஓர் உஷ்ணமானி, ஒரு தராசு, இரண்டு பெரிய பாத்திரங்கள் சங்கத்துக்குப் பொதுவாக இருந்தால் ஊர் முழுவதற்கும் பயன்படும். சர்க்கரையையும் புட்டிகளையும் மழைக்கு முன்னரே மொத்தமாக வாங்கி வைத்தல் நலம். பாதை அடைபட்ட பின் தேடுவதில் பயனில்லை. விற்பனைக்குச் செய்வோர் 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெற்று, புட்டிதோறும் எடையும் தயாரித்த தேதியும் குறிக்க வேண்டும்.

உருளைக்கிழங்கு முதலிய விளைபொருள்களை ஒன்றுசேர்ந்து விற்பதற்கென 1935-ல் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஏற்பட்டது. கிழங்குக்குச் செய்ததைப் பழத்துக்கும் செய்யலாகாதா? அங்கத்தினர்கள் வரும் காய்ப்புக்கு முன்பே பொதுக்கூட்டத்தில் இதை ஆலோசித்து, முதல் வருஷம் ஒரு கூடைப் பழத்திலேனும் தொடங்கிப் பார்ப்பார்களாக.