பெருஞ்சுவரில் நடக்கிறவர்களும் கொடிமலையில் நடக்க வேண்டியவர்களும்



சீனாவிலே ஒரு பெருஞ்சுவர் இருப்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சுவரின் மேல் நாலைந்து நாள் கூட்டமாக நடந்து, அந்த நடையைச் சொல்லி ஊரில் நன்கொடை திரட்டி, நோயாளிகளுக்குக் கொடுக்கிற வழக்கம் வெளிநாடுகளில், முக்கியமாக இங்கிலாந்தில், பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. இருபது முப்பது பேர் சேர்ந்து பெய்ஜிங் போவார்கள். ஒரு நாளைக்கு ஆறு ஏழு மணி நேரம் நடப்பார்கள். புறப்படுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் இவ்வளவு பணம் திரட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருப்பார்கள்.

"இதுக்கும் தோட்டத்துல வேலை செய்யுற எங்களுக்கும் என்னாய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். அந்தப் பணம் பெரும்பாலும் எதற்குப் போகிறது என்று பாருங்கள். புற்றுநோய், இருதய நோய், சிறுநீரக நோய். இதில் கடைசியாகச் சொன்னது நம் வீட்டு வாசலில் நிற்கிற நோய்.

பினாங்கிலும் செபராங் பிறையிலும் பொதுமக்கள் நன்கொடையில் ஓடுகிற டயாலிசிஸ் நிலையங்கள் இருக்கின்றன. காலையில் போய்ப் பாருங்கள், வரிசையில் எத்தனை நம்மவர்கள் என்று. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம், இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றுகிறார்கள். வேலைக்குப் போவது எப்படி? கூட ஒருத்தர் வர வேண்டும், வண்டிச் செலவு வேண்டும். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மூல காரணம் இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே விகிதம் அதைவிட அதிகம்.

அந்த இனிப்பு நீரைக் கட்டுக்குள் வைக்கிற மருந்துகளில் ஒன்று நடை. ஆக, டயாலிசிஸுக்குப் பணம் சேர்க்க நடக்கிறவர்கள், அந்த இயந்திரத்தில் படுக்காமல் இருப்பதற்கான வேலையையும் சேர்த்தே செய்கிறார்கள். இந்த விஷயம் மனசில் பட்டதால்தான் இந்த வாரம் சுவரைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் சுவரைப் பார்த்துவிடுவோம். 2012இல் சீன அரசு அளந்து சொன்ன கணக்குப்படி, எல்லாக் காலத்துச் சுவர்களையும் சேர்த்தால் 21,196 கிலோமீட்டர். நாம் படத்தில் பார்க்கிற செங்கல் சுவர் மிங் அரசர்கள் காலத்தது. அந்தச் சாந்தில் சுண்ணாம்போடு புளூட் அரிசிக் கஞ்சியையும் கலந்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். நாம் பலகாரம் செய்கிற அதே ஒட்டரிசிதான்! சந்திரனிலிருந்து பார்த்தால் தெரியும் என்பது மட்டும் கட்டுக்கதை. 2003இல் விண்வெளிக்குப் போன சீன வீரர் யாங் லிவெய், தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்றே சொன்னார். கட்டியவர்கள் சிப்பாய்களும், கைதிகளும், வலுக்கட்டாயமாகப் பிடித்துப் போன குடியானவர்களும். தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்கள் கதையைப் பாட்டன் வாயால் கேட்ட நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

சுவர் என்றதும் தட்டையான பாதை என்று நினைத்துவிடாதீர்கள். அது மலை முதுகு போகிற போக்கில் ஏறி இறங்குகிறது. ஒரு படி அரை அடி, அடுத்த படி முழங்கால் உயரம். 1999 முதல் நடந்து வரும் பெருஞ்சுவர் மாரத்தான் ஓட்டத்தில் 5,164 படிகள். நம் கணக்கில் சொல்கிறேன். பினாங்கு தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோவிலுக்கு 513 படி. அதை ஐந்து தடவை ஏறி இறங்கினால் 5,130. தைப்பூசத்தன்று ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டு மறுநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறோமே, அது ஐந்து மடங்கானால் எப்படி இருக்கும்!

தனியாளாக அந்தச் சுவரை நடந்தவர் வில்லியம் லிண்டெசே என்ற ஆங்கிலேயர். 1987இல் 2,470 கிலோமீட்டர் சுவரோரமாகவே போனார். நல்ல ஓட்டக்காரர். அவருக்கே 1986இல் முதல் முயற்சி நோயாலும் கால் காயத்தாலும் பாதியில் நின்றது. ஓட்டக்காரனுக்கே அந்தக் கதி என்றால், பேக்டரியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு மூன்று மாதப் பழக்கமாவது வேண்டாமா?

அந்தப் பழக்கம் எடுக்கப் பினாங்கை விட நல்ல இடம் எது? தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலை உச்சிக்குப் போகும் ஜீப் ரோடு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். தார் போட்ட பாதைதான், ஆனால் செங்குத்து. விடிகாலையில் எல்லா இனத்துப் பெரியவர்களும் கைத்தடியோடு ஏறுவதைப் பார்க்கலாம். முதல் நாளே உச்சிக்குப் போக வேண்டாம். மூச்சு வாங்கினாலும் பக்கத்தில் வருகிறவரோடு ரெண்டு வார்த்தை பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச முடியவில்லை என்றால் குறையுங்கள்.

ஏறுவதில் இருதயத்துக்கு வேலை, இறங்குவதில் முட்டிக்கு வேலை. படி இறங்கும்போது முட்டியில் விழும் பாரம் உடல் எடையைப் போல் மூன்று மடங்கு. முட்டி வலி உள்ளவர்கள் கொடிமலையில் நடந்து ஏறிவிட்டு, ரயிலில் இறங்குங்கள். 1923 முதல் அந்த மலையில் ரயில் இருக்கிறது, 2011இல் புது வண்டி போட்டார்கள். டிக்கெட் காசு மிச்சம் என்று முட்டியைச் செலவழிக்காதீர்கள்.

"நான் தினமும் தீம்பார்ல நடக்குறேன், எனக்கெதுக்கு மலை?" என்று பால்மரம் வெட்டுகிறவர் கேட்பது நியாயம். அவருக்கு மலை வேண்டியதில்லை. எனக்குக் கவலை, வேலையை விட்டுப் பிள்ளை வீட்டு அடுக்குமாடிக்குப் போனவரைப் பற்றி. நாற்பது வருஷம் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்த கால் ஒரே நாளில் நின்றுபோகிறது. சோறும் பால் டின் ஊற்றிய தேத்தண்ணீரும் மட்டும் பழைய அளவிலேயே போகிறது. தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்து எரிக்கிறது. தசை சும்மா இருந்தால் சர்க்கரை அப்படியே தங்குகிறது. இவருக்குச் சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் மாடியைச் சுற்றி நடந்தாலே பலன் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் கேட்கிறது. ஒரு நாளைக்கு இருபத்திரண்டு நிமிடம் கூட இல்லை. தேத்தண்ணீரும் தே ஓ கோசோங்காக மாறினால் இன்னும் நல்லது.

இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஊசி போடுகிறவர்களும் நீண்ட நடைக்கு முன் கிளினிக்கில் கேட்டுக்கொண்டு போக வேண்டும். நடுவழியில் கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, கண் இருட்டு வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். பையில் ஒரு இனிப்புத் தண்ணீர் பெட்டி இருக்கட்டும். நெஞ்சை அழுத்தினால் உட்காருங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். வீராப்பு வேண்டாம்.

வலி மாத்திரை விஷயம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முட்டி வலிக்குது என்று பொன்ஸ்டான், டிக்ளோஃபெனாக் வகைகளைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு, தண்ணீரும் குடிக்காமல் வெயிலில் நடக்கிறார்கள். வேர்த்து வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏற்கனவே இனிப்பு நீரோ ரத்தக் கொதிப்போ இருந்தால் ஆபத்து இரண்டு பங்கு. சிறுநீரக நிதிக்கு நடக்கப் போய்ச் சொந்தச் சிறுநீரகத்தை இழப்பது என்ன தர்மம்? தாங்க முடியாவிட்டால் பனடோல் போதும், மேற்கொண்டு டாக்டரைக் கேளுங்கள்.

உங்களிடம் யாராவது நன்கொடைப் புத்தகத்தை நீட்டினால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது. விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் நடக்கிறவர் சொந்தக் காசா, நாங்கள் கொடுக்கிற பணத்திலிருந்தா? இரண்டு விதமாகவும் நடக்கிறது. சொந்தக் காசு என்பவருக்கு மனமாரக் கொடுக்கலாம். மற்றவரிடம் ஒரு வெள்ளியில் எத்தனை காசு நோயாளிக்குச் சேரும் என்று கேட்பதில் தப்பில்லை. ரசீதும் வாங்குங்கள். உள்ளூரிலேயே நடந்து நிதி திரட்டினால் டிக்கெட் செலவே இல்லை. 1980இல் கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ், புற்றுநோய்க்குக் காலைக் கொடுத்த இளைஞர், செயற்கைக் காலோடு சொந்த நாட்டிலேயே 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். அவர் பேரில் இன்றும் நாடு நாடாக நிதி ஓட்டங்கள் நடக்கின்றன.

கடைசியாகப் பாதம். இனிப்பு நீர்க்காரருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவு. தைப்பூசத்தில் வெறுங்காலோடு சூடான தாரில் நடந்து, கொப்புளம் கண்டதே தெரியாமல், புண் பெருத்துக் காலை எடுக்கிற நிலைக்குப் போகலாம். நேர்த்திக்கடனைத் தடுக்க நான் யார்? ஆனால் விடியுமுன் குளிர்ந்த நேரத்தில் போங்கள், வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைவிட்டு அடிப்பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மலை நடைக்குச் சப்பாத்து வாங்குகிறவர்கள் சாயங்காலம் கடைக்குப் போங்கள், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துப் போகும்.