முட்டை ஓட்டுக்குள் சித்திரை வெயில்

நாமக்கல்லில் வானிலை அறிக்கையைக் கோழிகளுக்காகவும் கேட்பார்கள். அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு வானிலை ஆலோசனை மையம் இருக்கிறது. வரும் நாட்களில் வெயில் எவ்வளவு, காற்று எந்தத் திசையிலிருந்து வீசும், ஈரப்பதம் எத்தனை சதவீதம், மழை உண்டா என்று சொல்லும். கையோடு, கோழிப்பண்ணைக்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடும்.

கோழிக்கு ஏன் இவ்வளவு கவலை? அதற்கு வியர்க்காது! வியர்வைச் சுரப்பியே கிடையாது. உடம்புச் சூடோ சுமார் 41 டிகிரி செல்சியஸ். நமக்கு அந்தச் சூடு வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். கோழிக்கு அதுதான் இயல்பு. வெளிக்காற்றும் 40 டிகிரியை நெருங்கிவிட்டால் உடம்பின் சூடு எங்கே போகும்? அலகைத் திறந்து, நாய் இரைப்பதைப் போல வேகவேகமாக மூச்சு விடும். தொண்டையின் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் அந்த ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. அதனால்தான் வெயில் அளவோடு ஈரப்பதமும் தெரிய வேண்டியிருக்கிறது.

இனிமேல்தான் வேடிக்கை. இரைக்க இரைக்க, ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். முட்டை ஓட்டில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். அதில் வரும் கார்பனேட்டைக் கோழியின் உடம்பு இந்தக் கரியமில வாயுவிலிருந்துதான் செய்துகொள்கிறது. வாயு குறைந்தால் ஓடு மெலியும். மெல்லிய ஓடு லாரிப் பயணத்தைத் தாங்குமா?

அதனால் கோடையில் தீவனத்தைக் காலையிலும் மாலையிலும் போடுகிறார்கள். உச்சி வெயிலில் தின்றால், செரிக்கும் சூடும் சேர்ந்துகொள்ளும். கொட்டகையின் கூரைமேல் தென்னை ஓலை வேய்ந்து தண்ணீர் தெளிக்கிறார்கள். ஆப்ப சோடாவில் இருக்கும் அதே சோடியம் பைகார்பனேட்டை அளவாகக் கொடுப்பதும் உண்டு. போன கார்பனேட்டுக்குப் பதில் கார்பனேட்! கொட்டகையையே கிழக்கு மேற்காக நீளவாட்டில்தான் கட்டுவார்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் படும்.

சரி, சித்திரையில் ஏன் இப்படிக் கொளுத்துகிறது? பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் என்று நினைக்காதீர்கள். பூமி சூரியனை மிகவும் நெருங்குவது ஜனவரியில், நாம் போர்வைக்குள் சுருண்டிருக்கும் மார்கழியில்! பூமி சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுகிறது. அதனால் உச்சிச் சூரியன் ஆறு மாதம் வடக்கே நகரும், ஆறு மாதம் தெற்கே நகரும். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை, ஆக வருடத்தில் இரண்டு தடவை நாமக்கல்லின் நேர் உச்சிக்கு வரும்: ஏப்ரல் 19 வாக்கில், பிறகு ஆகஸ்ட் 24 வாக்கில்.

அதே சூரியன், அதே உச்சி. ஆனால் ஆவணியில் அந்தக் கொடுமை இல்லை. அப்போது தென்மேற்குப் பருவக்காற்று மேகங்களை இழுத்துவந்து வெயிலை மறைக்கிறது. அந்தப் பருவத்தின் பெருமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொண்டாலும், இங்கே மாலையில் இடியோடு பெய்யும் மழை மண்ணை நனைத்துவிடும். ஈரமண் எளிதில் சூடேறாது. சித்திரையில் மண்ணும் காய்ந்திருக்கும், வானமும் வெளுத்திருக்கும். கடற்காற்று எட்டாத உள்நாடு வேறு.

ஏப்ரல் 19 அன்று பகல் 12:17 மணிக்கு நாமக்கல்லில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டால் நிழலே விழாது. வடக்கே இருக்கும் சேலத்துப் பிள்ளைகள் இதைப் பார்க்க ஓரிரு நாள் பொறுக்க வேண்டும். ஆகஸ்டில் சூரியன் வடக்கிலிருந்து திரும்புவதால், அப்போது முதலில் பார்ப்பது சேலம்தான்.