வலைத்தளத்தின் வாசலில் அசைபடம் தேவையா?

நம் சங்கத்திற்கென்று ஒரு வலைத்தளம் அமைப்பது பற்றி அண்மையில் பேச்சு எழுந்தபோது இளைஞர்கள் சிலர் ஒரு யோசனை சொன்னார்கள். தளத்தைத் திறந்தவுடன் பொன்முடியில் மூடுபனி விலக வேண்டும், குத்துவிளக்கு ஒன்று தானே சுடர்விட வேண்டும், சங்கத்தின் பெயர் எழுத்தெழுத்தாகப் பறந்து வந்து ஒன்றுசேர வேண்டும். இத்தனையும் இருபது நொடி. அதன்பிறகே உள்ளே நுழையலாம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வருகிறவருக்கு அதனால் என்ன பயன் என்பதை அன்பர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

இந்த ஆசை புதிதன்று. 1996இல் 'ஃபியூச்சர்ஸ்பிளாஷ்' என்றொரு மென்பொருள் வெளிவந்தது. மேக்ரோமீடியா நிறுவனம் அதை வாங்கி 'ஃப்ளாஷ்' என்று பெயர் மாற்றியது. சாதாரணப் படத்தைக் கணிப்பொறி புள்ளி புள்ளியாகச் சேமித்து வைக்கிறது. ஃப்ளாஷ் அப்படிச் செய்வதில்லை. ஒரு கோடு எங்கே தொடங்கி எப்படி வளைந்து எங்கே முடிகிறது என்ற கணக்கை மட்டும் அனுப்பும். வரைகிற வேலையைப் பார்ப்பவரின் கணிப்பொறியே செய்துகொள்ளும். இரும்புத் தூணை லாரியில் ஏற்றாமல், அதன் வரைபடத்தை மட்டும் தபாலில் அனுப்பி அங்கேயே வார்த்துக்கொள்ளச் சொல்வது போன்றது இது. நல்ல பொறியியல், சந்தேகமில்லை. தொலைபேசிக் கம்பி வழியே ஊர்ந்து வந்த அந்நாளைய இணைப்பிலும் அசைபடம் காட்ட முடிந்தது இதனால்தான். இப்படியொரு கருவி கையில் கிடைத்தால் தளம் அமைப்பவர் சும்மா இருப்பாரா? உலகெங்கும் தளங்களின் வாசலில் ஆட்டமும் பாட்டமும் தொடங்கிவிட்டன.

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. அக்காலத்தில் இணைய நேரத்திற்கு ஒரு கட்டணம், தொலைபேசிக்கு இன்னொரு கட்டணம். மோடத்தின் பெட்டியில் நொடிக்கு 56 கிலோபிட் என்று அச்சிட்டிருக்கும். எட்டால் வகுத்தால் 7 கிலோபைட். நம் ஊர்க் கம்பியில் 4 வந்தால் பெரிது. வாசலில் வைத்த படம் 400 கிலோபைட் என்றால் அது வந்து சேரவே 100 நொடி ஆகும். மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் படங்களின் மூலையிலேயே 'ஸ்கிப் இன்ட்ரோ' என்று சிறிய எழுத்தில் ஒரு பொத்தானும் இருக்கும். இதைப் பார்க்காமல் தாண்டிப் போகலாம் என்று பொருள். பார்க்க வேண்டிய அவசியமில்லை என்று செய்தவரே ஒப்புக்கொள்ளும் படம் வேறு எங்காவது உண்டா? தளங்களின் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன், ஃப்ளாஷ் 99 சதவீதம் கேடு என்ற பொருளில் தலைப்பிட்டே 2000இல் ஒரு கட்டுரை எழுதினார். 'பின்செல்' பொத்தான் வேலை செய்யாது, படத்திற்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறிகளால் எளிதில் படிக்க இயலாது என்று குறைகள் பல. 2007இல் வந்த ஐஃபோனில் ஃப்ளாஷுக்கு இடமே இல்லை. மேக்ரோமீடியாவை 2005இல் வாங்கிய அடோபி நிறுவனம், 2020 டிசம்பர் 31உடன் ஃப்ளாஷுக்கு ஆதரவளிப்பதை நிறுத்திக்கொண்டது.

ஃப்ளாஷ் போயிற்று, ஆசை போகவில்லை. இன்று அதே இடத்தில் திரை நிறைய வீடியோ ஓடுகிறது.

ரயில்வேயில் பணியாற்றியவன் என்பதால் எனக்கு லெவல் கிராசிங் கேட்தான் நினைவுக்கு வருகிறது. கேட் மூடி வெகுநேரமாகியும் வண்டி வராவிட்டால், முதலில் சைக்கிள்காரர் குனிந்து நுழைவார். அடுத்து ஸ்கூட்டரைச் சாய்த்து நுழைப்பார்கள். திட்டிப் பயனில்லை. அவரவர் வேலை அவரவருக்கு. ஆனால் அந்தக் கேட்டை மூட ஒரு காரணமாவது உண்டு. வலைத்தளத்துக் கேட்டுக்குப் பின்னால் வண்டியே கிடையாது.

எல்லா முன்படமும் வீண் என்று சொல்ல மாட்டேன். தூர்தர்ஷனின் சுழலும் சின்னத்தையும் அந்த இசையையும் நிகழ்ச்சி தொடங்குமுன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் நாம். 1992இல் 'அண்ணாமலை' படத்தில் 'சூப்பர் ஸ்டார்' என்ற எழுத்துகள் புள்ளி புள்ளியாகத் திரையில் ஒளிர்ந்தபோது கொட்டகை அதிர்ந்தது. அங்கே வந்தவர்கள் அதைப் பார்க்கவே வந்தவர்கள். அந்தக் காட்சியை வெட்டியிருந்தால் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள்! ஆயினும் பொழுதுபோக்கிற்கென்றே வருபவர்களும் எப்போதும் பொறுமை காப்பதில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2017இல் தன் தொடர்களில் 'ஸ்கிப் இன்ட்ரோ' பொத்தானை வைத்தது. ஒரு சராசரி நாளில் அது 13 கோடியே 60 லட்சம் முறை அழுத்தப்படுவதாக 2022இல் அந்நிறுவனமே சொன்னது.

நம் தளத்திற்கு யார் வருவார்கள்? வித்துராவில் பஸ் ஸ்டாண்டு அருகே சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது. மலை ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். போணக்காடு தோட்டத்து லயத்தில் இருக்கும் மாணவி ஒருத்தி, கல்வி உதவித்தொகைக்குக் கடைசி நாள் என்று என்பதைத் தேடித் தன் தந்தையின் கைப்பேசியில் நம் தளத்தைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் ஓடும் வீடியோ 20 மெகாபைட். அதாவது 160 மெகாபிட். அங்கே நொடிக்கு 1 மெகாபிட் கிடைத்தால் 160 நொடி, ஏறத்தாழ மூன்று நிமிடம். அதற்குள் சிக்னல் அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அவள் பார்க்க வந்ததோ ஒற்றை வரி. அதை அனுப்ப ஒரு கிலோபைட் போதும்.

இன்னொன்றும் உண்டு. ஊனமுற்றோருக்கும் பயன்படும்படி தளம் அமைப்பதற்கான உலகளாவிய நெறிமுறை 2008இல் திருத்தி வெளியிடப்பட்டது. மற்ற தகவல்களோடு சேர்ந்து தானாக ஓடத் தொடங்கும் அசைவு ஐந்து நொடிக்கு மேல் நீடித்தால், அதை நிறுத்தவோ மறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்கிறது அது. ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னி மறையக் கூடாது என்றும் உண்டு. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

ஆகவே இளைஞர்களின் உழைப்பை வீணாக்க வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும் என்பது என் கருத்து. பொன்முடியை அசையாப் படமாக 100 கிலோபைட்டுக்குள் சுருக்கித் தலைப்பில் வைக்கலாம். பனி விலகுவதைக் காண விரும்புவோர் அதைத் தொட்டால் ஓடட்டும். அதன் கீழே முதலில் தொலைபேசி எண், அடுத்து உதவித்தொகை விவரம், பிறகு கூட்டம் நடக்கும் நாள். தளம் தயாரானதும் நிர்வாகிகளில் ஒருவர் போணக்காடு பஸ்ஸில் ஏறிப்போய், விலை குறைந்த கைப்பேசி ஒன்றில் அதைத் திறந்து, அந்தத் தொலைபேசி எண் கண்ணில் பட எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்து வரட்டும்.